பொருத்தம் கேட்ட மையித்து

மையித்து தும்மியது!

"அச்ச்ச்சூ!"

இறந்த உடம்பைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பக்கீரின் கையில் இருந்த வாளி நழுவிச் சீமெந்துத் தரையில் உருண்டது.

"அல்ஹம்துலில்லாஹ்..." என்று முனகியது மையித்து.

"யர்ஹமுகல்லாஹ்" என்றார் பக்கீர்.

தும்மியவர் இறைவனைப் புகழ வேண்டும். கேட்டவர் அவருக்கு அருள் வேண்ட வேண்டும். சின்ன வயதில் ஓதப்பள்ளியில் பிரம்படியோடு படித்த பாடம். இரண்டு பேருக்கும் வாயில் தானாக வந்துவிட்டது!

அடுத்த விநாடிதான் பக்கீருக்கு மூளை வேலை செய்தது.

ஆர் தும்மின?

ஆருக்குப் பதில் சொன்ன?

முப்பது வருசமாக முள்ளுவாடிக் குறிச்சியில் மௌத்தான ஆண்களைக் குளிப்பாட்டுகிறவர் பக்கீர். வயசாளிகளைக் குளிப்பாட்டியிருக்கிறார். கடலில் போய் மூன்றாம் நாள் கரை ஒதுங்கியவர்களைக் குளிப்பாட்டியிருக்கிறார். பெற்ற வாப்பாவையே தன் கையால் குளிப்பாட்டியிருக்கிறார். இத்தனை பேரில் ஒருத்தராவது தும்ம வேண்டுமே! மூச்!

பக்கீர் அலறுவதற்காக வாயைத் திறந்தார்.

ஒரு கை பாய்ந்து வந்து அதைப் பொத்தியது. மையித்தின் தம்பி மிஹ்லார்!

"கத்தாதீங்க பக்கீர் காக்கா! அல்லாஹ்வுக்காகக் கத்தாதீங்க! வெளிய நானூறு பேர் இரிக்காங்க!"

குளிப்பாட்டும் பலகையில் கிடந்த உசனார் ஹாஜியார் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"கற்பூரத்தக் கொஞ்சம் கொறச்சுப் போட்டா என்னடா பக்கீர்? மூக்கெல்லாம் எரியிது!"

பக்கீர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஹா... ஹாஜியார்... நீங்க மௌத்து இல்லையா?"

"மௌத்தானவன் கதைப்பானாடா மடையா!"

நியாயமான கேள்விதான்!

உசனார் ஹாஜியார் யார் என்று தெரியாதவர் அந்தப் பக்கத்தில் இல்லை. முள்ளுவாடி படகுச் சங்கத்தின் தலைவர். இரண்டு மாடி வீடு. இன்னும் பதினாறு நாளில் வரப்போகும் பிரதேச சபைத் தேர்தலில் வேட்பாளர். கல்முனை வரைக்கும் மதில் எல்லாம் அவர் முகம்தான். காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு 'நெஞ்சு நோவுது' என்று சாய்ந்தார். ஹாஜியாரின் கூட்டாளியான ஒரு டாக்குத்தர் ஓடி வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். எட்டு மணிக்குப் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். நண்பகல் லுஹர் தொழுகையோடு நல்லடக்கம்.

அந்த அறிவித்தல் கேட்டு முள்ளுவாடியில் அதிகமாக அழுதது ஹாஜியாரின் மனைவி இல்லை. பக்கீரின் மகள் சுல்பிகா!

ஏன்?

சுல்பிகாவின் கணவன் றமீஸ் ரிமாண்டில் இருக்கிறான். நாளைக்குக் காலையில் வழக்கு. அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி உசனார் ஹாஜியார்தான். அந்தச் சாட்சிதான் இப்போது மையித்து!

மூன்று மாதத்துக்கு முன்னால் றமீஸ் ஒலுவில் துறைமுகத்தில் இருந்து தன் சின்னப் போட்டில் கடலுக்குப் போனான். கூட வருகிறவனுக்குக் காய்ச்சல், அதனால் தனியாக. நல்ல வெளிச்சம். எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் வந்தது. நம்முடைய கடலுக்குள்ளேயே வந்து வலையை இழுத்தது. றமீஸின் போட்டையும் சேர்த்து இழுத்துக் கவிழ்த்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

அன்றைக்குப் பக்கத்தில் நின்றது ஹாஜியாரின் புதுப் போட். தண்ணீரில் தத்தளித்தவனைக் கையைப் பிடித்துத் தூக்கியதும் அவரேதான். கரையில் வைத்து றமீஸைக் கட்டிப் பிடித்து அழுததும் அவரேதான்.

ஒரு கிழமை கழித்துப் பொலிசில் என்ன சொன்னார் தெரியுமா?

"கப்பலா? என்ன கப்பல்? நான் ஒண்டையும் காணல்ல! காப்புறுதிக்காகப் பொடியனே போட்டக் கவிழ்த்திரிக்கான்!"

அவ்வளவுதான்! கப்பல் காற்றோடு போனது. றமீஸ் சிறைக்குப் போனான். 

அந்த மனிதரைத்தான் இன்றைக்குக் குளிப்பாட்ட வந்திருந்தார் பக்கீர். மௌத்தானவர் எதிரியா சொந்தமா என்று பார்த்துக் குளிப்பாட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. மனசு கொதித்தது. ஆனாலும் வந்தார்.

"இது என்ன கூத்து ஹாஜியார்?" பக்கீர் கேட்டார்.

ஹாஜியாரின் குளிப்பாட்டிய உடம்பு குளிரில் உதறியது.

"போன மாசம் ஜும்ஆவுல ஹஸரத் என்ன பயான் சென்ன? ஞாபகம் இரிக்கா?"

"என்ன சென்ன?"

"அல்லாஹ்வுக்குச் செஞ்ச பாவத்த அல்லாஹ் மன்னிப்பான். மனிசனுக்குச் செஞ்ச அநியாயத்த அந்த மனிசன் பொருந்தினாத்தான் மன்னிப்பான் எண்டு சென்னாரா இல்லையா? அண்டைலிருந்து எனக்கு நித்திர இல்லடா பக்கீர். கண்ண மூடினா நரகம்! வல்லாஹி நரகம்!"

"அப்ப போய் ஒவ்வொரு ஆளா பொருத்தம் கேக்கிறதானே?"

"கேட்டா? 'என்ன செஞ்சீங்க ஹாஜியார்?' எண்டு கேப்பானுகளே! செல்லணுமே! சென்னா பொலிசு... கோடு... எலக்சன் எல்லாம் நாசமாப் போயிருமே!" ஹாஜியார் விரலை ஆட்டினார். "ஆனா மௌத்தானவன்ட ஆரும் கேள்வி கேக்க மாட்டாங்க. விளங்கிச்சா?"

பக்கீருக்கு விளங்கியது. நன்றாகவே விளங்கியது!

மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்கு முன்னால் குடும்பத்தில் ஒருவர் எழும்பி நின்று ஊரிடம் கேட்பது வழக்கம். 'இவரால் யாருக்கும் அநியாயம் நடந்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்கள்' என்று. பொருந்துவது என்றால் மனசார மன்னிப்பது. என்ன அநியாயம் என்று அந்த நேரத்தில் எவரும் கேட்பதில்லை. ஊரும் ஒரே குரலில் 'பொருந்திட்டம்' என்று சொல்லிவிடும்.

"நானூறு பேரும் ஒரேயடியாப் பொருந்துவாங்க," என்றான் மிஹ்லார் உற்சாகமாக. "அது முடிஞ்ச கையோட காக்கா கண்ண முழிப்பாரு. 'அல்லாஹ் என்ட உசிரத் திருப்பித் தந்துட்டான்' எண்டு செல்லுவாரு. ஊரே தக்பீர் முழங்கும்! எலக்சன்ல எதிர்த்துக் கேக்கிறவன் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்!"

"சொர்க்கமும் கையில, சபையும் கையில!" என்றார் ஹாஜியார்.

இப்படியும் ஒரு மனிதனுக்கு மூளை வேலை செய்யுமா? நரகத்துக்கு உண்மையாகவே பயம். ஆனால் உண்மையைச் சொல்ல மட்டும் மனம் இல்லை!

"ஹாஜியார், ஒரே ஒரு கேள்வி. மறைக்காமச் செல்லுங்க. நீங்க கப்பலக் கண்டீங்களா, இல்லையா?"

ஹாஜியார் மிஹ்லாரைப் பார்த்தார். மிஹ்லார் கதவைப் பார்த்தான். கதவு தாழ் போட்டிருந்தது. குளிப்பாட்டும்போது கழற்றிய பக்கீரின் சட்டையும் அதில் இருந்த போனும் வெளியே ஆணியில் தொங்கின.

"கண்ட."

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

"பேரும் வாசிச்ச. படமும் எடுத்த. அதுக்கென்ன இப்ப? கப்பல்ட கொடி ஒரு நாடு. முதலாளி இன்னொரு நாடு. ஓட்டுறவன் வேற நாடு. மீனத் திங்கிறவன் நாலாவது நாடு. நீ எந்த நாட்டுக் கோட்டுல போய் வழக்குப் பேசப் போறாய்? இஞ்ச ஒருத்தன் மாட்டினா நாலு நாட்டுக்கும் நிம்மதி. அந்த ஒருத்தன் ஒன்ட மருமகனாப் போனான். அது அவன்ட நசீபு, தலையெழுத்து."

பக்கீரின் கண் சிவந்தது. கை தானாக மடங்கியது. உசிரோடு இருக்கிற ஒருவரை மௌத்தாக்கினால் என்ன என்று ஒரு கணம் யோசித்தார். அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக் கையை விரித்தார்.

"நாலு நாட்டுக்காரன்ட நிம்மதிக்கு என்ட மகள்ட கண்ணீரா ஹாஜியார்?"

"ச்சே, ச்சே! நான் என்ன அரக்கனா? நீ வாய மூடிக்கிட்டு இரி. உசிர் திரும்பி வந்த கையோட றமீஸ்ர விசயத்த நான் பாத்து முடிச்சுத் தாறன். ஒனக்கு என்ன சந்தேகம்?"

சந்தேகமா? பக்கீருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஹாஜியார் செய்யவே மாட்டார்! வேலைக்காரனுக்குப் பெருநாள் உடுப்புத் தருகிறேன் என்று சொல்லிப் பதினொரு பெருநாளைக் கடத்தியவர் அவர்.

இப்போதே வெளியே ஓடிக் கத்தினால்?

மையித்து எழும்பி உட்கார்ந்து 'உசிர் திரும்பிட்டு' என்று சொல்லும். ஊர் அவரைத் தோளில் தூக்கும். கப்பலைக் கண்டேன் என்ற வார்த்தை இந்த நாலு சுவருக்குள்ளேயே போய்விடும். மிஹ்லாரா சாட்சி சொல்லப் போகிறான்?

சொல்ல வைக்க வேண்டும். எல்லோருக்கும் முன்னால்! அவர் வாயாலேயே!

எப்படி?

தெரியவில்லை. பக்கீருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"சரி ஹாஜியார்," என்றார். "படுங்க. கஃபன் போடணும்."

வெள்ளைத் துணியை விரித்தார். சுற்றினார். மூக்கில் பஞ்சு வைத்தார்.

"டேய், மூச்சு விட ஏலாதுடா!"

"வாயால விடுங்க. மையித்துக்குப் பஞ்சு வெக்காட்டி ஊர் என்னை ஏசும்."

தலைமாட்டில் ஒரு கட்டு. இடுப்பில் ஒரு கட்டு. கால்மாட்டில் வழக்கமாக ஒரு கட்டுத்தான் போடுவார்.

இன்றைக்கு மூன்று போட்டார். எதற்கும் இருக்கட்டுமே!

வெளியே சனம் நிரம்பி வழிந்தது. சாய்ந்தமருதில் இருந்தும் அட்டாளைச்சேனையில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கேட்டடியில் வாகனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றார் சப் இன்ஸ்பெக்டர் கோகுலன். பாண்டிருப்புக்காரர். றமீஸின் வழக்கும் அவர் கையில்தான். பொடியன் பொய் சொல்லவில்லை என்று அவருக்கு மனசில் பட்டது. மனசில் பட்டதை எழுதிக் கொடுத்தால் எந்த நீதவான் வாங்குவார்?

சந்தூக்கைக் கொண்டுவந்து முற்றத்தின் நடுவில் வைத்தார்கள். முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். ஹாஜியார் அசையாமல் கிடந்தார். நடிப்பில் மனிதரை அடிக்க ஆள் கிடையாது!

மிஹ்லார் எழும்பினான். தோளில் கிடந்த சால்வையால் கண்ணைத் துடைத்தான்.

"அன்பான சகோதரர்களே... எங்கட காக்கா உசனார் ஹாஜியார் மனிசன்தான். அவரால ஆருக்கும் ஏதாச்சும் அநியாயம் நடந்திருந்தா, தெரிஞ்சோ தெரியாமலோ மனசு நொந்திருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க!"

"பொருந்திட்டம்!"

நானூறு குரல்!

சந்தூக்குக்குள் ஹாஜியாரின் உதட்டோரம் கொஞ்சமாகத் துடித்தது. தலைமாட்டில் நின்ற பக்கீர் மட்டும் அதைப் பார்த்தார்.

அப்போதுதான்...

"நான் பொருந்தல்ல!"

பெண்கள் இருந்த பக்கத்தில், திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து வந்தது அந்தக் குரல்.

எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

"ஆரு அது?" யாரோ அதட்டினார்.

"நான்தான். பக்கீர்ர மகள் சுல்பிகா. நான் பொருந்தல்ல!"

மிஹ்லாரின் முகம் கறுத்தது. திட்டத்தில் இது இல்லையே!

"தங்கச்சி... மௌத்தான மனிசன்... அல்லாஹ்ட்டப் போயிட்டாரு..."

"அவர் போயிட்டாரு. என்ட மச்சான் எங்க போற? அவர் செய்யாத குத்தத்துக்கு உள்ள கிடக்காரு. உண்ம தெரிஞ்ச மனிசன் செல்லாமப் போயிட்டாரு. நான் இப்ப பொருந்திட்டா, நாளைக்கு மறுமையில கூட அவருக்கு நியாயம் கேக்க ஆள் இல்லாமப் போயிரும்!"

குரல் உடைந்தது. பக்கீர் திரைச்சீலையைப் பார்த்தார். என் மகளே!

ஊர் என்ன செய்தது? 'பாவம் புள்ள' என்று சொன்னதா?

அதுதான் இல்லை!

"மையித்த வெச்சுக்கிட்டு இப்பிடிக் கதைக்கப்படாது புள்ள!"

"பொருந்திடு மகள். பெரிய மனசு பண்ணு!"

"லுஹருக்கு நேரமாகிட்டு! ஒரு ஆளால நானூறு பேரும் வெயில்ல நிக்கிற!"

"பொருந்தாட்டி ஒனக்குத்தான் பாவம்!"

அநியாயம் செய்தவரிடம் மூன்று மாதமாக ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அநியாயம் பட்டவளிடம் மட்டும் மூன்று நிமிசத்தில் முப்பது பேர் நியாயம் பேசினார்கள். பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். 'செல்லு புள்ள... செல்லிடு புள்ள...' ஒருத்தி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

எவ்வளவு நேரம்தான் ஒரு பெண் தனியாக நிற்பாள்?

"சரி..." என்றாள் சுல்பிகா. விசும்பல். "சரி... நான்... பொரு..."

சந்தூக்குக்குள் ஹாஜியாரின் முகம் மலர்ந்தது.

பக்கீரின் தலைக்குள் ஏதோ வெடித்தது!

உசனார் ஹாஜியாரின் குணம் ஒன்று ஊருக்கே தெரியும். செய்த பிழையை முகத்துக்கு நேரே சொன்னால் சிரித்துக்கொண்டு போய்விடுவார். செய்யாத பிழையைச் சொன்னால் போச்சு! வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். ஒருமுறை சங்கத்தில் 'ஹாஜியார் மூணு வலையைச் சுருட்டிட்டார்' என்று யாரோ சொல்ல, 'ரெண்டு வலையத்தானேடா எடுத்த!' என்று மேசையை உடைத்த மனிதர் அவர்.

பக்கீர் வாயைத் திறந்தார்.

"நிறுத்து மகள்! இந்த ஹாஜியார் அந்தக் கப்பல்காரனுகள்ட அஞ்சு விசா வாங்கினாரு! றமீஸ மாட்டிவிட்டதுக்குக் கூலி அஞ்சு ஐரோப்பா விசா!"

"பொய்ய்ய்!"

சந்தூக்குக்குள் இருந்து இடி முழங்கியது!

ஹாஜியார் விறைத்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்தார். ஒரு மூக்கில் இருந்து பஞ்சு தோட்டாப் போலப் பறந்தது!

"அஞ்சா? ஆருடா சென்ன அஞ்சு? ஒண்டுதான்! ஒரே ஒரு விசாதான்!"

அதற்குப் பிறகு நடந்ததை நின்று பார்க்க முற்றத்தில் அநேகமாக ஆள் மிச்சம் இல்லை!

"யா அல்லாஹ்!"

"மையித்து எழும்பிட்டு!"

"ஜின்னு! ஜின்னு!"

நானூறு பேரும் எட்டுத் திக்கில் பறந்தார்கள். மதில் ஏறினார்கள். செருப்பு மாறினார்கள். இடுப்பு நோவு என்று கதிரையில் இருந்த ஒருவர் எல்லோரையும் முந்திக்கொண்டு கடற்கரையில் போய் நின்றார். ஜீப்புக்குக் கீழே புகுந்த கான்ஸ்டபிளை வெளியே இழுக்கப் பிறகு மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

ஓடாமல் நின்றவர்கள் மூன்றே பேர். ஓட முடியாத அதிர்ச்சியில் மிஹ்லார். தலைமாட்டில் பக்கீர். கேட்டடியில் கோகுலன்.

கோகுலன் மெதுவாக நடந்து வந்தார். தொப்பியைச் சரிசெய்தார். கையில் குறிப்புப் புத்தகம்.

"ஹாஜியார், சுகமா?"

"சு... சுகம்."

"அந்த ஒரு விசா ஆருக்கு?"

"என்ட மகனுக்கு. போன மாசம்தானே போன..."

"காக்கா! வாய மூடுங்க காக்கா!" மிஹ்லார் அலறினான்.

ஹாஜியாருக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் திறந்தபடி நின்றது. அடுத்த கணம் சந்தூக்கில் இருந்து குதித்தார். ஓடப் பார்த்தார். கால்மாட்டில் மூன்று கட்டு! சாக்கு ஓட்டக்காரன்போல நாலு துள்ளுத் துள்ளினார். ஐந்தாவது துள்ளில் பக்கீர் அவரைத் தாங்கிப் பிடித்தார்.

"மெல்ல ஹாஜியார். விழுந்து மௌத்தாகிடப் போறீங்க!"

சத்தம் இல்லாததைப் பார்த்து ஊர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தது. முதலில் மதிலுக்கு மேலே தலைகள். பிறகு கேட்டடியில் கால்கள்.

ஹாஜியார் அத்தனை முகத்தையும் பார்த்தார். அரசியல்வாதி அல்லவா? நொடியில் சுதாரித்தார்!

"மாஷா அல்லாஹ்! பாத்தீங்களா! அல்லாஹ் என்ட உசிரத் திருப்பித் தந்துட்டான்! நீங்க எல்லாரும் என்னைப் பொருந்திட்டீங்க! பொருந்தினது பொருந்தினதுதான்! சென்ன சொல்ல மாத்தப்படாது!"

"அப்ப அந்த விசா?" கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அதையும் சேத்துத்தான் பொருந்திட்டீங்களே!"

நானூறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ட பொருத்தத்தத் திருப்பித் தாங்க!" என்று கத்தினார் ஒருவர்.

"நான் மௌத்தானவருக்குத்தான் பொருந்தின! இவருக்கு இல்ல!"

"நானும் வாபஸ்!"

"வாபஸ்! வாபஸ்!"

அது வரைக்கும் ஒற்றுமையாக 'பொருந்திட்டம்' சொன்ன ஊர் அதே ஒற்றுமையோடு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது!

ஹாஜியார் கோகுலன் பக்கம் திரும்பினார். கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"ஐயா, நீங்க ஒண்டும் எழுத ஏலாது. டாக்குத்தர் கடிதம் இரிக்கி. பள்ளியிலயும் அறிவிச்சாச்சு. இந்த நிமிசம் நான் மௌத்தான ஆள். மௌத்தான ஆள் சென்ன கதைய எந்தக் கோட்டும் எடுக்காது!"

கோகுலன் பேனாவை உதறினார்.

"எடுக்கும் ஹாஜியார். அதுக்கு மரண வாக்குமூலம் எண்டு பேர். கோட்டுல அதுக்குத்தான் கூட மதிப்பு! கப்பல்ட பேரச் சொல்லுங்க."

சொன்னார்! வேறு வழி? சொல்லாவிட்டால் அந்த டாக்குத்தர் கடிதத்துக்கும் சேர்த்து வழக்கு வரும் என்று கோகுலன் காதோடு சொன்னார். கப்பலின் பேர், கொடி, எடுத்த படம் இருந்த போன், விசா வாங்கித் தந்த முகவரின் முகவரி... பொலபொலவென்று கொட்டினார். மிஹ்லார் விம்மி விம்மி அழுதான். இந்த முறை உண்மையான கண்ணீர்.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு சுல்பிகா ஓடி வந்தாள். பக்கீரின் நெஞ்சில் முகம் புதைத்தாள்.

"வாப்பா! மச்சான் வந்திருவாரா வாப்பா?"

"வருவாரு மகள். இன்ஷா அல்லாஹ் நாளைக்கே வருவாரு."

"ஓம் புள்ள," என்றார் கோகுலன். "இத நாளைக்குக் காலையிலேயே கோட்டுல குடுக்கிறன். பின்னேரம் சோறாக்கி வையுங்க. கூட வந்து நானும் சாப்பிடுவன்."

சுல்பிகா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். 'பொருந்திடு புள்ள' என்று தோளை உலுக்கிய அதே பெண் இப்போது முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பக்கீருக்கு அவள்மேல் ஒரு கோபமும் வரவில்லை. அன்றைக்கு அவ்வளவு சந்தோசம்!

ஹாஜியாருக்கு ஒரு சாரத்தையும் சட்டையையும் மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். மிஹ்லாரும் பின்னாலேயே ஏறினான். கோகுலன் பக்கீரைத் தனியே கூப்பிட்டார்.

"பக்கீர் நானா, நீங்களும் ஒரு வாக்குமூலம் தரணும். அஞ்சு விசா எண்டு உங்களுக்கு ஆர் சொன்ன?"

பக்கீர் தலையைச் சொறிந்தார்.

"ஆரும் செல்லல்ல."

"பின்ன? கடிதம் ஏதும் கண்டீங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படித் தெரியும்?"

"தெரியாது ஐயா. மகன் வெளிநாடு போனது மட்டும் தெரியும். மத்ததெல்லாம்..." பக்கீரின் முகம் சிறுத்துப்போனது. "பொய்."

கோகுலன் வாய் விட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பக்கீர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க ஐயா. நான் ஒரு மனிசன்மேல இல்லாத பழிய நானூறு பேருக்கு முன்னால செல்லிட்டன். இதுவும் மனிசனுக்குச் செஞ்ச அநியாயம்தானே? அவர் பொருந்தாட்டி நான் மாட்டினன்!"

"அவருக்கா? அவர் செஞ்ச வேலைக்கு நீங்க பொருத்தம் கேக்கப் போறீங்களா?"

"அவர் செஞ்சது அவர்ர கணக்கு. இது என்ட கணக்கு."

பக்கீர் விறுவிறுவென்று ஜீப்படிக்குப் போனார். ஊரும் பின்னாலேயே போனது. கம்பி வலைக்குப் பின்னால் உசனார் ஹாஜியார் ஒரு மூக்கில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். அதை எடுக்கக்கூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"ஹாஜியார், அஞ்சு விசா எண்டு நான் சென்னது பொய். உங்களுக்கு நான் செஞ்ச அநியாயம். அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்குங்க."

ஹாஜியாரின் கண் விரிந்தது. எல்லாம் போன பிறகும் கையில் ஒன்று மிச்சம் இருக்கிறது! முகத்தில் பழைய சிரிப்பு வந்தது.

"பொருந்த மாட்டன்! தலகீழா நிண்டாலும் பொருந்த மாட்டன்! மறுமையில வெச்சு ஒன்னப் புடிச்சுக்கிறன்டா பக்கீர்! வருவாய்தானே அங்க?"

ஜீப் உறுமியது.

பக்கீர் கம்பி வலையைத் தட்டினார்.

"கட்டாயம் வருவன் ஹாஜியார்! அங்க போறதுக்குத்தான் விசா தேவல்லையே!"